யாருடைய காசில் எரிகிறது நம் வீட்டு விளக்கு?

(தேனாம்பேட்டையில் குடியிருப்போர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுக்கும் மின்சாரத்துக்கு, நிலக்கரி மின்சாரத்துக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க நம் வீடுகள் தயாராக இருக்கின்றனவா? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரிய ஊழியர் ரீடிங் எடுக்க வருகிறாரே, அவர் குறித்துவிட்டுப் போகும் தொகைக்கு மேல், யாரும் கட்டாயப்படுத்தாமல், நாமாக முன்வந்து கொடுப்போமா?

யாரிடம் கேட்டாலும் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. "இங்கேயா? நூறு யூனிட் இலவசமாக வாங்கிப் பழகிய ஊர் சார் இது. ஒரு பைசா கூடுதலாகத் தர மாட்டார்கள்." படித்தவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். பதவியில் இருப்பவர்களும் சொல்கிறார்கள். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாமே சொல்லிக்கொள்கிறோம். நான் இதை ஏற்கவில்லை. இந்த ஊர் மின்சாரத்துக்காகத் தன் கையிலிருந்து எவ்வளவு கொடுத்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

2012-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு. செங்கல்பட்டைத் தாண்டினால் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். அந்த ஆண்டு நம் வீடுகள் என்ன செய்தன? கடைக்குப் போய் இன்வெர்ட்டர் வாங்கின. பேட்டரி வாங்கின. சமையலறை ஓரத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ அதற்கு ஓர் இடம் ஒதுக்கின. மாதாமாதம் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றின. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றின. அந்த இன்வெர்ட்டரிலிருந்து கிடைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் என்ன விலை கொடுத்தோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறோமா? பெட்டியின் விலை, பேட்டரியின் விலை, சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்தால், வாரியத்தின் கட்டணத்தைப் போல் பல மடங்கு வரும். அப்படிக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியதும் சுத்தமான மின்சாரம் இல்லை. அதே கம்பியில் வந்த அதே நிலக்கரி மின்சாரத்தைத்தான் பெட்டியில் பிடித்து வைத்துக்கொண்டோம்.

யாராவது வீடு வீடாக வந்து, "அம்மா, நீங்கள் கூடுதல் விலை தரத் தயாரா?" என்று படிவத்தில் டிக் போடச் சொன்னார்களா? இல்லை. தேவை இருந்தது, கையில் காசு இருந்தது, கொடுத்தோம். இன்வெர்ட்டர் வாங்கினால் இன்று இரவே மின்விசிறி ஓடும் என்ற உறுதி இருந்தது. அதனால் கொடுத்தோம். கேன் தண்ணீருக்குக் கொடுப்பதும் அந்த உறுதிக்காகத்தான். காசு கொடுத்தால் கொடுத்ததற்கு ஏற்ற பொருள் கைக்கு வரும் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில் சென்னைக் குடும்பம் கொடுக்கத் தயங்கியதே இல்லை. அந்த நம்பிக்கையை யாராவது தந்தார்களா என்பதுதான் என் பேச்சின் மையம். நம் மனத்தில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. நம்மிடம் கேட்கும் முறையில்தான் குறை இருக்கிறது.

வெளிநாட்டில் இதைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1990-களிலிருந்தே மின் நிறுவனங்கள் "பசுமை மின்சாரம் வேண்டுமா, சற்றுக் கூடுதலாகக் கட்டுங்கள்" என்று வாடிக்கையாளர்களை அழைத்தன. கருத்துக் கணிப்பில் பாதிப் பேருக்கு மேல் சரி என்றார்கள். கையெழுத்துப் போடும் நேரத்தில் பெரும்பாலான நிறுவனங்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்கூடத் தேறவில்லை. இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, மனிதர்கள் வாயளவில்தான்" என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ஜெர்மனியில் இன்னொன்று நடந்தது. அந்நாட்டின் தெற்கில் ஒரு மின் நிறுவனம், 1999-இல், கேள்வியைத் திருப்பிப் போட்டது. எல்லா வாடிக்கையாளர்களையும் பசுமை மின்சாரத்தில் தானே சேர்த்துவிட்டு, "வேண்டாம் என்றால் எழுதுங்கள், வேறு திட்டத்துக்கு மாற்றித் தருகிறோம்" என்றது. விலை குறைந்த திட்டமும் பட்டியலில் இருந்தது. ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார்கள்.

எங்கும் மனிதர்கள் மனிதர்கள்தான். ஓரிடத்தில் இரண்டு பேர், இன்னோரிடத்தில் தொண்ணூறு பேர். கேள்வியைக் கேட்ட விதம் அவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது!

அதே ஜெர்மனியில், கறுப்புக் காட்டுப் பகுதியில், ஷோனாவ் என்று ஒரு சிற்றூர். 1986-இல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு, தங்கள் குழந்தைகளை நினைத்து அஞ்சிய சில பெற்றோர் அங்கே ஒன்றுகூடினார்கள். அணு மின்சாரம் வேண்டாம் என்றார்கள். உள்ளூர் மின் நிறுவனம் செவி சாய்க்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊரின் மின்கம்பிகளையே விலைக்கு வாங்கப் புறப்பட்டார்கள். ஊருக்குள் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது, இரண்டிலும் வென்றார்கள். நாடெங்கும் நன்கொடை திரட்டி, 1997-இல் அந்த ஊரின் மின் வலையமைப்பைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய உர்சுலா ஸ்லாடெக் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியை.

"அது ஜெர்மனி சார், நம் ஊருக்கு ஆகுமா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். நம் ஊர்க் கதை ஒன்றுக்கும் வருகிறேன். அதற்கு முன், நம் மாநகரத்துக்குள்ளேயே ஓரிடத்துக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும்.

இங்கிருந்து வடக்கே போனால் எண்ணூர். ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. அந்தத் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டதே முதன்மையாக இந்த நிலக்கரிக்காகத்தான். பக்கத்தில் வடசென்னை அனல்மின் நிலையம். முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1200 மெகாவாட், 2024-இல் தொடங்கிவைத்த மூன்றாம் நிலை 800 மெகாவாட். அருகே வல்லூரில் இன்னும் ஒரு 1500 மெகாவாட். 1970-இல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் புகைபோக்கிகள் அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை.

நிலக்கரி எரிந்தால் சாம்பல். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து குழம்பாக்கிக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் உடைகின்றன. உடைந்த இடத்திலிருந்து சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் இறங்குகிறது. ஆற்றின் அடியில் படிகிறது, ஆழம் குறைகிறது, இறால் குறைகிறது. ஒரு காலத்தில் இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடித்தவர்கள் இன்று சாம்பல் சேற்றில் கால் வைக்கிறார்கள். வல்லூர் சாம்பல் குளத்தின் ஓரத்தில் செப்பாக்கம் என்று ஒரு கிராமம். காற்று வீசும் நாளில் அந்த ஊர் வீடுகளின் தட்டில், படுக்கையில், குழந்தையின் மூக்கில் சாம்பல். எங்களை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்று அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயின.

2017 தொடக்கத்தில் பாடகர் டி.எம். கிருஷ்ணா "சென்னைப் பொறம்போக்குப் பாடல்" என்பதை அந்த எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய காணொளி வெளிவந்தது. சபாக்களில் அவரைக் கேட்டுப் பழகிய மயிலாப்பூரும் ஆழ்வார்பேட்டையும் அன்றுதான் எண்ணூரை ஒரு முறை திரும்பிப் பார்த்தன. பார்த்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுக்கொண்டோம்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் எல்லாம் எண்ணூரிலிருந்துதான் வருகிறது என்று நான் சொல்லவில்லை. முப்பந்தலின் காற்றும் கமுதியின் வெயிலும் குந்தாவின் தண்ணீரும் கல்பாக்கத்தின் அணுவும் எண்ணூரின் கரியும் ஒரே கம்பியில் கலந்துதான் வருகின்றன. எந்த யூனிட் எங்கிருந்து வந்தது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். நிலக்கரி மின்சாரம் மலிவு என்று நம் கையில் தரும் பில்லில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அந்த வரியைச் செப்பாக்கம் கட்டுகிறது. எண்ணூரின் காட்டுக்குப்பத்து மீனவர் கட்டுகிறார். தன் மூச்சால் கட்டுகிறார், தன் வலையால் கட்டுகிறார். அவரிடம் யாராவது "கூடுதலாகத் தரத் தயாரா?" என்று கேட்டார்களா? கேட்காமலேயே வசூலித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, "பசுமை மின்சாரத்துக்குக் கூடுதலாகத் தருவோமா" என்று நாம் பேசும்போது, ஏதோ தருமம் செய்வதைப் போலப் பேசக் கூடாது. நமக்காக வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கும் தொகையை நம் பெயருக்கு மாற்றிக்கொள்வது பற்றித்தான் பேசுகிறோம்.

சரி, எவ்வளவு தொகை? மும்பையைப் பார்ப்போம். மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021 மார்ச்சில் ஓர் ஆணை பிறப்பித்தது. முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வேண்டுவோர் வழக்கமான கட்டணத்துக்கு மேல் யூனிட்டுக்கு 66 பைசா கொடுத்தால் போதும் என்றது. ஆலைகளுக்கு மட்டும் என்று அதில் நிபந்தனை வைக்கவில்லை. வீடுகளும் கேட்க முடிந்தது. அந்தக் கணக்கை நம் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ஏசி ஓடும் ஒரு தேனாம்பேட்டை வீட்டில் கோடைக்காலத்தில் இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் ஆகிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி அந்த வீட்டுக்கு ஏறக்குறைய 7000 ரூபாய் வரும். மும்பை முறையில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது 660 ரூபாய். மாதத்துக்கு 330. ஒரு குடும்பம் ஓட்டலில் ஒரு வேளை டிபன் சாப்பிட்டு எழுந்தால் கொடுக்கும் தொகை. அந்த வீடு இதைத் தாங்கும். தாங்கும் என்று நான் அடித்துச் சொல்கிறேன்.

ஆனால் அதே தேனாம்பேட்டையில், அண்ணா சாலைக்கு மறுபுறம், குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளும் ஒற்றை அறை வீடுகளும் இருக்கின்றன. 2016 மே மாதம் முதல்வராகப் பதவியேற்ற அன்றே ஜெயலலிதா கையெழுத்திட்ட ஆணைகளில் ஒன்று, இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் கட்டணமில்லை என்பது. அந்த நூறு யூனிட்டுக்குள் ஒரு குண்டு பல்பையும் ஒரு மின்விசிறியையும் குழந்தையின் படிப்பையும் அடக்கி வாழும் வீட்டை நோக்கி, "பூமி சூடாகிறது, நீயும் கூடுதலாகக் கொடு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாருக்கும் வரக் கூடாது. ஏசி இல்லாதவன் பூமியைச் சூடாக்கவில்லை. ஆனால் மே மாதப் பிற்பகலில் சிமென்ட் ஷீட்டுக்கு அடியில் அந்தச் சூட்டை முதலில் வாங்குபவன் அவன்தான். எல்லோர் பில்லிலும் ஒரே அளவாகக் கூடுதல் கட்டணம் போடும் எந்தத் திட்டத்தையும் நான் எதிர்ப்பேன்.

2022-இல் கட்டணத்தைத் திருத்தியபோது அரசு ஒன்றைச் சொன்னது, உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். வசதியுள்ளவர்கள் விரும்பினால் நூறு யூனிட் இலவசத்தை விட்டுக்கொடுக்கலாம் என்றது. நல்ல யோசனைதான். ஆனால் விட்டுக்கொடுத்தால் அந்தப் பணம் எங்கே போகும்? யாருக்குப் பயன்படும்? அதை நாம் எப்படிப் பார்ப்பது? அந்தப் பதில்கள் நம் வீட்டு வாசலுக்கு வரவில்லை. இதைச் சமையல் எரிவாயு மானியத்தோடு ஒப்பிடுங்கள். 2015-இல் "விட்டுக்கொடுங்கள்" என்று கேட்டபோது, நாடு முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் மானியத்தைத் துறந்தன. நீங்கள் விடும் மானியத்தால் விறகடுப்பில் ஊதிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்குச் சிலிண்டர் கிடைக்கும் என்று கேட்டவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். காசு எங்கே போகிறது என்பது தெரிந்தது. ஒரு கோடி வீடுகள் விட்டுக்கொடுத்தன. அதில் நம் வீடுகளும் உண்டு. இவர்களா ஒரு பைசா தர மாட்டார்கள்?

இப்போது நான் சொல்வதாக வாக்களித்த நம் ஊர்க் கதை. கோவை மாவட்டம், மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி. பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகும் மக்கள். ஊராட்சித் தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டும் மின்கட்டணம் ஊராட்சியின் வருமானத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. வேறு தலைவராக இருந்திருந்தால் கோட்டைக்கு மனு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பார். இவர்கள் முதலில் சூரிய ஒளித் தெருவிளக்கு போட்டுப் பார்த்தார்கள். மரத்துண்டுகளிலிருந்து எரிவாயு எடுத்து மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு 2006-இல், ஒரு காற்றாலையே வாங்கினார்கள்!

350 கிலோவாட் காற்றாலை. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சத்தைப் போட்டார்கள். மீதியை வங்கியில் கடன் வாங்கினார்கள். ஓடந்துறையில் போதிய காற்று இல்லை. அதனால் காற்று அடிக்கும் இடத்தைத் தேடி, உடுமலைப்பேட்டைக்கு அருகே மைவாடியில் அதை நிறுத்தினார்கள். காற்றாலை ஓரிடம், விளக்கு எரியும் இடம் வேறோரிடம், நடுவில் வாரியத்தின் கம்பி. ஆண்டுக்கு ஆறு லட்சம் யூனிட்டுக்கு மேல் கிடைத்தது. ஊரின் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கே விற்றார்கள். அந்த வருமானத்திலிருந்தே கடனை அடைத்தார்கள். அந்த ஊரைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

இந்தக் கதையை நான் ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்? கருத்துக் கணிப்பு நடத்துபவர்கள் ஓடந்துறைக்குப் போய் "பசுமை மின்சாரத்துக்குக் கூடுதலாகத் தருவீர்களா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? "இருக்கிற பில்லையே கட்ட முடியவில்லை" என்றுதான் வந்திருக்கும். அதே மக்கள் தங்கள் பொதுப் பணத்தை 40 லட்சம் வரை எடுத்து வைத்தார்கள், ஒரு கோடிக்கு மேல் கடன் சுமந்தார்கள். அந்தக் காற்றாலை தங்களுடையது என்பதால் சுமந்தார்கள். கணக்கு ஊராட்சி அலுவலகத்தில் இருந்தது என்பதால் சுமந்தார்கள். கிராம சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம் என்பதால் சுமந்தார்கள்.

தேனாம்பேட்டையில் காற்றாலை நட முடியாது. மொட்டை மாடி இருக்கிறதே! 1 கிலோவாட் சூரியத் தகடுகளுக்கு நூறு சதுர அடி போதும். சென்னை வெயிலில் அது நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டுக்குமேல். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. இரண்டு லட்சம் ரூபாய் அளவில் ஆகும் செலவில் அதைக் கழித்துப் பாருங்கள். சற்றுமுன் சொன்னேனே 1000 யூனிட் வீடு, அந்த வீட்டின் பில் ஐந்நூறு யூனிட்டுக்குக் கீழே இறங்கிவிடும். சில ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும். அந்த வீட்டுக்குப் பசுமை மின்சாரம் கூடுதல் செலவே இல்லை. பிறகு ஏன் குஜராத்தும் மகாராஷ்டிரமும் கேரளமும் முன்னே ஓட, வெயிலுக்குப் பேர்போன நாம் பின்தங்கி நிற்கிறோம்?

ஒரு காரணம், நம்மில் பெரும்பாலோருக்குத் தனி மாடி கிடையாது. ஃப்ளாட். மாடி எல்லோருக்கும் பொது. அங்கே தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, துணிக்கொடி, சித்திரையில் வடாம். ஒருவர் தகடு போட வேண்டும் என்றால் பதினோரு பேர் கையெழுத்து. வாடகைக்கு இருப்பவரோ மாதாமாதம் பில் கட்டுகிறார், மாடியில் அவருக்குச் சொல் இல்லை.

இன்னொரு காரணம், விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. 2012-இல் தமிழக அரசு சூரிய சக்திக் கொள்கை வெளியிட்டபோது, மாடியில் தகடு போடும் வீட்டுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் யூனிட்டுக்கு 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டுகள் 1 ரூபாய் என்று ஊக்கத்தொகை அறிவித்தது. 2019-இல் இன்னொரு கொள்கை வந்தது. வீட்டிலிருந்து கம்பிக்குப் போகும் யூனிட்டைக் கழிக்கும் முறை போய், அதற்குக் குறைந்த விலை போட்டு வாங்கும் முறை வந்தது. 2021-இல் கழிக்கும் முறை வீடுகளுக்குத் திரும்பியது, கூடவே வலையமைப்புக் கட்டணம் என்று ஒன்றும் வந்தது. அந்தக் கட்டணத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வசதியுள்ளவர்கள் எல்லோரும் மாடியில் தகடு போட்டுக்கொண்டு, இரவில் மட்டும் வாரியத்தின் கம்பியில் தொங்கினால், அந்தக் கம்பியைப் பராமரிக்கும் செலவு ஒற்றை அறை வீட்டின் தலையில் விழும். நியாயம் உண்டு. ஆனால் இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் ஒரு பொருளில் பணம் போடும் குடும்பத்துக்கு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விதி மாறாது என்ற உறுதியையாவது தர வேண்டாமா?

விற்பவர்களும் முழு உண்மையைச் சொல்ல வேண்டும். மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரணச் சூரிய அமைப்பு, மின்வெட்டு வந்தால் தானே நின்றுவிடும். தகட்டிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் பாய்ந்தால், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் வாரிய ஊழியரின் உயிர் போகும். அதனால் அப்படி அமைத்திருக்கிறார்கள். சரியான ஏற்பாடு. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து நாள்கணக்கில் மின்சாரம் நின்றபோது, "மாடியில் இத்தனை தகடு இருந்தும் வீடு இருட்டாக இருக்கிறதே" என்று தவித்தவர்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு சிறு பேட்டரியையும் சேர்த்து வாங்கியிருப்பார்கள். அப்படி ஏமாந்த ஒருவர் பத்துப் பேரிடம் சொல்வார். அந்தப் பத்துப் பேரையும் எந்த மானியத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அப்படியானால் ஃப்ளாட்டில் எங்கே தொடங்குவது? பொது மீட்டரில் தொடங்குங்கள். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு. 2022-இல் இந்தப் பொதுப் பயன்பாட்டைத் தனிப் பிரிவாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஏற்றினார்கள். 2023-இல், பத்து வீட்டுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 பைசா என்று குறைத்தார்கள். லிஃப்ட் இருக்கும் கட்டடங்களுக்குச் சுமை அப்படியே. பொது மாடியில் பொதுப் பணத்தில் பொது மீட்டருக்குத் தகடு போடுங்கள். ஏழடி உயரத்தில் சட்டம் கட்டினால் கீழே துணிக்கொடியும் இருக்கும், வடாமும் காயும். மோட்டாரை விடியற்காலையில் போடுவதை விட்டுவிட்டுப் பதினொரு மணி வெயிலில் போடுங்கள். மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணத்தில் கண்ணுக்குத் தெரிந்து குறையும். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் எல்லோரும் பார்க்கலாம். ஓடந்துறைக்குக் கிராம சபை எப்படியோ, நமக்கு ஃப்ளாட் சங்கம் அப்படி.

அதற்கு மேல், மாடியே இல்லாதவருக்கும் ஒரு பங்கு வேண்டும். டெல்லியில் 2019-இலேயே அதற்கு ஒரு வழி வகுத்தார்கள். ஓரிடத்தில் பலர் சேர்ந்து சூரிய அமைப்பு நிறுவலாம், அதில் விளையும் யூனிட்டை அவரவர் பங்குக்கு ஏற்ப அவரவர் வீட்டு பில்லில் கழித்துக்கொள்ளலாம். வேறு தெருவில் இருந்தாலும் சரி, வாடகை வீடாக இருந்தாலும் சரி. இந்த முறை இந்தத் தெருக்களிலும் நடைமுறைக்கு வர வேண்டும். ஒரு மாநகராட்சிப் பள்ளியின் கூரையில் நூறு வீடுகளுக்குப் பங்கு இருக்கட்டும். அந்தப் பள்ளிக்கு அதில் ஒரு பகுதி இலவசமாகப் போகட்டும். கூடுதலாகக் கொடுக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கொடுப்பார்கள்.

ஒரு கடினமான உண்மையையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. சென்னை ஏசி ஓடுவது இரவில். சூரியன் மாலை ஆறு மணிக்குப் போய்விடுகிறான். தெற்கே ஆடிக்காற்று உச்சத்தில் அடிக்கும்போது காற்றாலை மின்சாரத்தை முழுவதும் எடுத்துக்கொள்ளாமல் நிறுத்திவைக்கிறார்கள் என்று காற்றாலை வைத்திருப்பவர்கள் நீண்ட காலமாக முறையிடுகிறார்கள். தை மாதத்தில் காற்றே இல்லை. பகல் வெயிலையும் ஆடிக்காற்றையும் இரவுக்கு எடுத்துவைக்க வழி வேண்டும். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் கட்டும் வேலை நடந்துவருகிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் முறை அது. பேட்டரி நிலையங்களும் வேண்டும். அதனால், நாம் கொடுக்கும் கூடுதல் பணம் வாரியத்தின் பழைய கடனுக்குள் போய்க் கரைந்துவிடக் கூடாது. தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இத்தனை ரூபாய் வந்தது, இத்தனை மெகாவாட் சேமிப்பு அமைந்தது, எண்ணூரில் இத்தனை டன் கரி குறைந்தது என்று ஒவ்வொரு பில்லோடும் ஒரு துண்டுச் சீட்டு வர வேண்டும்.

நண்பர்களே, 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வு பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவையிலும் மதுரையிலும் சென்னைக் கலைவாணர் அரங்கத்திலும் நடத்தியது. விசைத்தறிக்காரர்களும் சிறுதொழில் நடத்துபவர்களும் வந்து தங்கள் வேதனையைச் சொன்னார்கள். சொல்ல வேண்டியவர்கள்தான் சொன்னார்கள். ஆனால் வசதியுள்ள வீட்டுக்காரர் ஒருவர் எழுந்து, "எனக்குப் பசுமை மின்சாரம் வேண்டும், நான் கூடுதலாகத் தருகிறேன், இன்ன நிபந்தனைகளோடு தருகிறேன்" என்று கேட்கும் குரல் இப்படிப்பட்ட அரங்குகளில் ஓங்கி ஒலிக்க வேண்டும். நாம் கேட்காத வரை, நாம் தர மாட்டோம் என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

இதை ஆணையத்திடம் கேட்கும் ஒரு மனுவின் வரைவை எளிய தமிழில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டுக்கு மேல் ஆகும் வீடுகளை மட்டும் பசுமைக் கட்டணத்தில் சேருங்கள், வேண்டாதவர் விலக உரிமை கொடுங்கள் என்பது முதல் கோரிக்கை. பணத்துக்குத் தனிக் கணக்கு, அந்தக் கணக்கைப் பார்வையிடும் குழுவில் எண்ணூர் மீனவர் ஒருவருக்கும் செப்பாக்கத்தார் ஒருவருக்கும் இடம் என்பது இரண்டாவது. மாடியில்லாதவருக்குப் பங்கு என்பது மூன்றாவது. வாசலை ஒட்டிய மேசையில் நகல்கள் இருக்கின்றன. யாரும் அவசரத்தில் கையெழுத்திட வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள், பில்லை எடுத்து வைத்துக் கணக்குப் போடுங்கள், பிடிக்காத வரியை அடித்துவிட்டு உங்கள் வரியை எழுதுங்கள். பிறகு உங்கள் ஃப்ளாட் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அதை முதல் பொருளாக வையுங்கள்.